அக்கா தொடாத பாத்திரம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் உங்களில் பலர் ஒரு காலத்தில் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்: "உங்க அக்கா ஏன் திருவிருந்துக்கு எழுந்து வர்றதில்ல?" பதில் சொல்ல இப்போதுதான் எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

அக்கா பிறந்தது சித்தூரில், பழைய மிஷன் காம்பவுண்டில். வாழ்க்கைப்பட்டது திருப்பதியில். மாமா சீக்கிரமே போய்விட்டார். பிள்ளைகளும் இல்லை. பள்ளியில் தையல் டீச்சராக இருந்துகொண்டே முன்னறையை வாடகைக்கு விட்டிருந்தார்கள். அங்கே வந்து தங்கினாள் ஒரு பெண். தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்துக் கிராமம், இந்துக் குடும்பம், ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சில மாதங்களில் அவளுக்கு இருமல் வந்தது. அது நிற்கவே இல்லை. அக்கா அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். காசநோய் என்றார்கள்.

"ஊர்ல தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும் டீச்சர்" என்று அழுதாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீ சோறு துன்னுட்டு மாத்திரைய போடு."

மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் அவள் வாந்தி எடுத்தபோதெல்லாம் நெற்றியைப் பிடித்துக்கொண்டதும், சுத்தம் செய்ததும் அக்காதான். அவள் தேறி ஊருக்குப் போனாள். அதன் பிறகு அக்கா இருமத் தொடங்கினார்கள்.

கோயிலில் முன் பெஞ்சை விட்டு, கடைசியில் ஜன்னல் ஓரமாகத் தனியாகப் போய் உட்கார்ந்தார்கள். பிறகு திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எழுவதையும் நிறுத்தினார்கள். நம் சபையில் அதற்கு ஒரே அர்த்தம்தானே. அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது. "டீச்சரம்மா இன்னா பண்ணிட்டாங்களோ, பாத்திரத்துகிட்ட வரவே பயப்படறாங்க" என்ற பேச்சு சித்தூரில் இருந்த என் காதுக்கும் வந்தது.

விசாரிக்கப் போனேன். ஆளே பாதியாகியிருந்தார்கள். அடுப்பங்கரையில் ஒரு தட்டும் டம்ளரும் தனியாகக் கவிழ்ந்திருந்தன.

"யாரோட சண்டைக்கா?"

"யாரோடவும் இல்ல. திருவிருந்துல எல்லாரும் ஒரே பாத்திரத்துல வாய் வெக்கறோம். அதான்."

தொற்றும் நோய் என்று புரிந்தது. உடனே டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"போனா வூட்ல யார் யார் இருந்தாங்கன்னு கேப்பாங்க. அந்தப் பொண்ணு ஊருக்கு ஆஸ்பத்திரி ஆள் போவும். கல்யாணம் முடியட்டும்டா."

யாரோ ஒரு பெண்ணுக்காக உயிரைக் கொடுப்பீர்களா என்று கத்தினேன். அக்கா சத்தம் போடாமல் கேட்டார்கள்: "நமக்காக ஒருத்தர் கொடுத்தாரே, நாம அவருக்கு சொந்தமா?"

 அவளுடைய கல்யாண ரவிக்கையைத் தைத்து அனுப்பிவிட்டு, தாலி ஏறிய செய்தி வந்த பிறகே ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். "முந்தே ராவால்சிந்தம்மா" என்றார் டாக்டர். முன்பே வந்திருக்க வேண்டுமாம். ஏற்கெனவே சர்க்கரை வேறு. நுரையீரல் தேறவில்லை.

துன்பத்தை அக்கா ஒருநாளும் புகழ்ந்து பேசியதில்லை. மூச்சு முட்டும்போது "ஏன் ஆண்டவரே" என்று கேட்டதும் உண்டு. ஆனால் கொஞ்சம் அடங்கியதும், "இது வீணா போவல தம்பி" என்பார்கள்.

கடைசி வாரத்தில் போதகர் வீட்டுக்கே திருவிருந்து கொண்டுவந்தார். எங்கள் எல்லாருக்கும் முதலில் கொடுக்கும்படி அக்கா கையைக் காட்டினார்கள். கடைசியாகப் பாத்திரம் அவர்களிடம் வந்தது. அதற்கப்புறம் வாங்க யாரும் இல்லை என்று தெரிந்ததும் சொட்டு விடாமல் குடித்தார்கள்.

சிகிச்சை தந்த மருத்துவர்களுக்கும், முகம் சுளிக்காமல் படுக்கை மாற்றிய மாதர் சங்கத்தாருக்கும், துருவிக் கேட்காமல் ஜெபித்த போதகருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பெண்ணுக்கும் நன்றி. தன் கணவரிடம் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "எழுதுங்கண்ணா" என்றாள். பெயரை நான்தான் எழுதவில்லை.

இன்றைய ஆராதனைக்கு அவளும் வருகிறாள். கடைசி பெஞ்சில், அக்காவின் ஜன்னல் ஓரத்தில், நெற்றியில் குங்குமத்தோடு உட்கார்ந்திருப்பாள். திருவிருந்துக்கு எழுந்து வரமாட்டாள். ஏன் என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.