சூப்பர்வைசரின் பிறந்தநாள் கேக்

நியூசிலாந்தின் பாபடோயிட்டோயில் நான் வேலை செய்த சரக்குக் கிடங்கின் சாப்பாட்டறைப் பலகையில், கானா நாட்டுத் தோழி ஒருத்தி கறுப்பின மக்களின் வரலாற்றில் அன்றைய தேதியில் நடந்தவற்றைத் தினமும் எழுதிவைப்பாள். எங்கள் யாழ்ப்பாணத்துச் சூப்பர்வைசர் வந்ததும் வராததுமாக அதைத் துடைத்துவிடுவார்.

“கறுப்பரின்ர கதை எங்களுக்கு என்னத்துக்கு?”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருடைய பிறந்தநாள் ஆகஸ்ட் இருபத்தெட்டு என்று தெரிந்ததும், கேக் வாங்கும் பொறுப்பை நானே கேட்டு எடுத்துக்கொண்டேன்.

அன்று எல்லோர் முன்னாலும் அவர் கேக் பெட்டியைத் திறந்தார். வாழ்த்து இல்லை. ‘இதே நாளில் அமெரிக்காவில்: 1955, கறுப்பினச் சிறுவன் ஒருவனை வெள்ளையர் கொன்றனர். 1963, நீதி கேட்டு வாஷிங்டனில் லட்சக்கணக்கானோர் திரண்டனர்’ என்று ஐசிங்கில் எழுதச் சொல்லியிருந்தேன்.

எல்லோரும் வாசித்தார்கள். அவர் கத்தியைத் தேடினார். நான் பலகை துடைக்கும் துணியை நீட்டினேன்.

“இதையும் துடையுங்கோ பாப்பம், அண்ணை.”