கண்ணுக்கு இறங்கிய ரத்தம்

என் சித்தி லூஸ்மிலா, அபெலார்டோ ஐயாவை அடிக்கவில்லை. அடித்தாள் என்றுதான் எங்கள் மலையூர் குவாலசேயோ முழுவதும் நம்புகிறது. சந்தையில் பன்றி வறுவல் விற்கும் பெண்கள் நம்புகிறார்கள், செருப்புப் பட்டறைக்காரர்கள் நம்புகிறார்கள், கோயிலுக்கு வருகிறவர்களும் நம்புகிறார்கள். பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு முடிவுக்காக நான் சித்தி வீட்டில்தான் காத்திருந்தேன். அதனால் எனக்குத் தெரிந்ததை, நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

சித்திக்கு ஐம்பத்தொரு வயது. பதினேழு வருடம் பட்டறையில் செருப்பின் அடித்தோலுக்குப் பசை தடவினாள். பசை நெடியில் மூச்சு இழுக்கத் தொடங்கியதும் நின்றுவிட்டாள். சித்தப்பா நியூயார்க் போய் இருபது வருடம் ஆகிறது. முதல் நான்கு வருடம் போன் வந்தது, பிறகு வரவில்லை. அவருக்கு அங்கே வேறு குடும்பம் இருப்பதை யாரோ எவரோ பற்றிய செய்தி போலத்தான் அவள் சொல்வாள். "நல்லா இருக்கானாம். குண்டாயிட்டானாம்."

பட்டறையை விட்ட பிறகு அபெலார்டோ ஐயாவைப் பார்த்துக்கொள்ளப் போனாள். அவர் பக்கத்துப் பெருநகரமான குவெங்காவுக்குப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுபத்தொன்பது வயது. மகள் நூபே நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியில் இருந்தபடியே மூன்று மாடி வீடு கட்டிக் கொடுத்திருந்தாள். அவர் கீழே ஒரே ஒரு அறையில் வாழ்ந்தார். நூபேயிடம் முறையான காகிதங்கள் இல்லை. அங்கிருந்து ஒரு முறை கிளம்பினால் திரும்பிப் போக முடியாது. ஆகவே ஞாயிறுதோறும் மதியம் போனில் முகம் பார்த்துப் பேசுவாள்.

ஐயாவின் இதயம் தாளம் தப்பி அடிக்கும். அதில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விடக் கூடாது என்று ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தோலுக்கடியில் ஒரு நுண்ணிய குழாய் உடைந்தாலும் அடைபடத் தாமதமாகும். ரத்தம் கசிந்து பரவும். கதவில் லேசாக இடித்துக்கொண்டாலே அவர் கை கன்றிவிடும். சட்டைக் கையை இழுத்துவிட்டாலும் கன்றும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் ஐந்து விரலும் பதியும். ஆகவே சித்தி ஒரு போர்வையை மடித்து அவர் இடுப்புக்குப் பின்னால் போட்டு, அதைப் பிடித்துத்தான் தூக்குவாள்.

ஆறு வருடத்தில் அவளுக்கு அந்த நிறங்கள் அத்துப்படியாகிவிட்டன. முதலில் எங்கள் ஊர்க் கப்புலிப் பழம் போலக் கருஞ்சிவப்பு. பிறகு ஊதா, நீலம். ஐந்தாறு நாளில் ஓரம் பச்சையாகும், அப்புறம் மஞ்சள், அப்புறம் ஒன்றுமிருக்காது. உடம்பே சிந்திய ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போகிறது என்று ஒரு நர்ஸ் அவளுக்குச் சொல்லியிருந்தாள். ஓரத்தில் பச்சையைப் பார்த்துவிட்டால் சித்திக்கு நிம்மதி.

ஆகஸ்ட்டில் ஒரு வியாழக்கிழமை காலை. முட்டை போட்டுக் கிளறிய சோளத்தைச் சாப்பிட்டுவிட்டு ஐயா ரேடியோவைத் திருப்ப எழுந்தார். கால் வழுக்கி, அலமாரி விளிம்பில் நெற்றி இடித்தது. எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. சித்தி டாக்சி பிடித்து நேராகக் குவெங்காவுக்குக் கூட்டிப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, மண்டைக்குள் ரத்தம் கட்டவில்லை. மாத்திரையைத் தொடரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் சித்தி நூபேக்குக் குரல் பதிவு அனுப்பினாள்: "நெத்தியில அடிபட்டுடுச்சும்மா. ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. பயப்படாத."

"நீங்க இருக்கறப்ப எனக்கென்ன பயம், அக்கா," என்று நூபே பதில் அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை அவர் கண்ணிமை ஊதாவாகியிருந்தது. சித்தி பதறிப் போனாள். ஐயா கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். "யாரு இந்தத் திருட்டுப் பய?"

"சிரிக்காதீங்க ஐயா. நெத்தியில பட்டது கண்ணுக்கு ஏன் வருது?"

"என் பஸ் மாதிரிதான். மலையில ஏறுனா இறங்கித்தானே ஆகணும்."

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான் உண்மை என்று எங்களுக்கு அப்போது தெரியாது. சுகாதார நிலையம் சனி, ஞாயிறு பூட்டியிருக்கும். திங்கட்கிழமை காட்டலாம் என்று சித்தி முடிவு செய்தாள். ஞாயிறு காலை ஐயாவுக்கு இரண்டு கண்ணும் கறுத்து, வலது கண் பாதிதான் திறந்தது. நெற்றி வீக்கமோ வற்றி, இலேசாகக் கன்றிய நிறத்தில் இருந்தது.

"இன்னிக்கு வீடியோ வேணாம் சித்தி. நெட் இல்லன்னு சொல்லிடலாம்," என்றேன்.

"எதுக்கு? நான் என்ன திருடிட்டேனா?"

மதியம் போனை அவள்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். நூபே சிரித்தபடி வந்தாள். சிரிப்பு நின்றது.

"அப்பா, கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க முகத்த... அக்கா, நெத்தியிலன்னுதானே சொன்னீங்க?"

"நெத்தியிலதான்மா. இதோ பாரு, வீக்கம் வத்திடுச்சு."

"அப்ப இந்தக் கண்ணு? ரெண்டு கண்ணு. விழுந்தவரு மொதல்ல ஒரு கண்ணுல விழுந்து, எந்திரிச்சு, இன்னொரு கண்ணுல விழுந்தாரா?"

"தெரியலம்மா. நேத்துலேர்ந்துதான்..."

"நீங்க பேசாதீங்க. அப்பா, யாருப்பா உங்கள இப்படிப் பண்ணது?"

"லூஸ்மிலா," என்றார் ஐயா, மிகவும் பிரியமாக.

அவருக்கு ஞாபகம் தேய்ந்து இரண்டு வருடமாகியிருந்தது. சூப் யார் கொடுத்தது என்று கேட்டாலும் லூஸ்மிலா, நகம் யார் வெட்டியது என்றாலும் லூஸ்மிலா. மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட அந்தப் பெயரைத்தான் சொல்வார். இது நூபேக்கும் தெரியும். ஆனால் அந்தக் கண்களைப் பார்த்தபோது அவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை.

"வெளிய போ," என்றாள். அதுவரை அவள் சித்தியை நீ என்று சொன்னதில்லை. "இப்பவே என் வீட்ட விட்டு வெளிய போ."

"நூபே, ரத்தத்த மெலிசாக்குற மாத்திரை சாப்பிடறாரில்ல, அதாலதான். தொட்டாலே கன்னும். எல்லாம் அந்த மாத்திரையாலதாம்மா."

இதையே நூபேயின் சித்தப்பா மகன் ரோலாண்டோவிடமும் சொன்னாள். அவன் அரை மணி நேரத்தில் வண்டியில் வந்து, அவள் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டான். மாத்திரை, மாத்திரை என்று நாலைந்து தடவை சொல்லியிருப்பாள். சாயங்காலத்துக்குள் ஐயாவின் முகம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிட்டது.

திங்கட்கிழமை சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். டாக்டர் எங்களைப் போலப் பதறாமல் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"இது நடக்கறதுதாங்க. நெத்தியில சேர்ற ரத்தம் அங்கயே உக்காந்திருக்காது. ரெண்டு மூணு நாள்ல கீழ இறங்கும். இமைத் தோல் மெல்லிசு, தளர்வா வேற இருக்கும், அங்க வந்து தேங்கும். இன்னும் கன்னத்துக்குக்கூட வரும், பாருங்க."

"அத எழுதிக் குடுங்க டாக்டர்."

"ஆளப் பாக்காம எப்படிம்மா எழுதறது? அடிச்சாலும் இப்படித்தான் கறுக்கும். முகத்துல நிறம் இருக்கறப்பவே கூட்டிட்டு வரச் சொல்லுங்க. மறைஞ்சுட்டா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

ரோலாண்டோ கூட்டிக்கொண்டு போகவில்லை. கேட்கும்போதெல்லாம் நாளைக்கு என்றான். டாக்டர் போன் செய்தாள். எடுத்து, சரி சரி என்று வைத்துவிட்டான்.

ஐயாவைத் தினமும் காலையில் கம்பிக் கதவுக்குப் பின்னால் வெயிலில் உட்கார வைப்பார்கள். நான் தெருவில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவேன். சித்தி அடுப்பை விட்டு நகராமல் கேட்பாள்.

"இன்னிக்கு எப்படி?"

"கன்னத்துக்கு இறங்கிடுச்சு. டாக்டர் சொன்ன மாதிரியே."

மறுநாள், "ஓரத்துல பச்சை."

"பச்சை வந்துடுச்சா?" ஆறு வருடமாக அந்தப் பச்சைக்காகக் காத்திருந்து சந்தோஷப்பட்டவள், வாயைக் கையால் மூடிக்கொண்டாள். "இன்னும் ஒரு வாரந்தான் இருக்கும்."

ஒரு வாரம் கழித்து மஞ்சள். பிறகு அதுவும் போய்விட்டது. மூன்றாவது வாரம் ரொட்டி வாங்கப் போன இடத்தில் கடைக்காரி எனக்குக் கேட்கட்டும் என்றே இன்னொருத்தியிடம் சொன்னாள்:

"அவ போனதும் அந்த மனுசனப் பாரு. மொகம் தெளிஞ்சுடுச்சு. கையில, கால்ல, ஒரு எடத்துல கறுப்பு கெடையாது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். சித்தி முகம் பற்றிக் கேட்கவில்லை.

"கையிலயும் இல்லையாமா?"

"ஆமா. நானும் பாத்தேன். சுத்தமா இருக்கு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். ரோலாண்டோ கம்பிக் கதவைத் திறக்கவில்லை.

"ரோலாண்டோ, மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"நீதானே சொன்ன, எல்லாம் மாத்திரையாலதான்னு? நூபேகிட்டயும் சொன்ன, என்கிட்டயும் சொன்ன. அவ நிறுத்தச் சொன்னா, நிறுத்திட்டோம். இப்ப ஒடம்பப் பாரு, பளிங்கு மாதிரி இருக்கு. அப்ப நீ சொன்னதுலயும் பாதி உண்மைதான்."

"ஐயோ, அது இதயத்துக்குடா. நிறுத்தக் கூடாது. ரத்தம் கட்டிடும். கன்னுனா கன்னட்டும், குடுத்துடு."

"கன்னட்டுமா? நல்லா இருக்கே கதை. மறுபடி இந்தப் பக்கம் வந்த, போலீஸக் கூப்பிடுவேன்."

உள்ளே ஐயா வெயிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அந்தக் கையில் ஒரு புள்ளிகூட இல்லை.

நூபேக்கு அனுப்பிய பதிவுகள் போய்ச் சேரவில்லை. சித்தியின் எண்ணை அவள் தடுத்து வைத்திருந்தாள். என் எண்ணிலிருந்து எழுதினேன், அதையும் தடுத்துவிட்டாள். டாக்டரிடம் சொன்னோம். அவள் அன்றே போன் செய்தாள், ரோலாண்டோ எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதாகச் சொன்னாள். வியாழக்கிழமை காலை ஐயாவின் வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இதயத்தில் உறைந்த ரத்தம் மூளைக்குப் போயிருந்தது. நான்கு நாள் குவெங்கா ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனார்.

அடக்கத்தன்று காலை அந்த வீட்டின் எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. சித்தி உள்ளே போகவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் கறுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு நின்றாள், நான் பக்கத்தில் நின்றேன். ரோலாண்டோ போனைப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தான். நூபேயின் அழுகுரல் தெருவரை கேட்டது.

"கையையும் காட்டு... அப்பா... எவ்வளவு தெளிவா இருக்காரு. கடைசிக் காலத்துலயாவது அடிபடாம இருந்தாரே."

சித்தி திரும்பி நடந்தாள். ஆற்றுப் பாலம் வரை நானும் பின்னால் போனேன். பாலத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "மாத்திரையாலதான்னு நான்தானே சொன்னேன்," என்றாள்.

"நீ உண்மையத்தான் சொன்ன, சித்தி."

"வாய மூடிட்டு இருந்திருந்தா அவரு இன்னிக்கு உயிரோட இருப்பாரு. அடிச்சேன்னு ஒத்துட்டுப் போயிருந்தாக்கூட, மாத்திரை நின்னிருக்காது."

எவ்வளவோ பேசிப் பார்த்தேன். டாக்டரும் பேசினாள். சித்தி கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்தியதால்தான் இறந்தார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை நூபேக்கு அனுப்ப வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். இது தெரிந்தால் அந்தப் பெண் அங்கே தனியாக எப்படி இருப்பாள் என்று கேட்டாள்.

போன வாரம் சந்தையில் வெளியூர்க்காரி ஒருத்தி அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அந்தக் கெழவரக் கொன்ன லூஸ்மிலா நீதானா?"

சித்தி கையிலிருந்த உருளைக்கிழங்கைத் தராசில் வைத்தாள்.

"ஆமா," என்றாள்.

நான் இல்லை என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்க்கவில்லை. அவளே ஒப்புக்கொண்டுவிட்டாளே என்று அவர்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள்.