தையலம்மா நடிக்காத நாள்

வாரம் முழுதும் சீருடை தைக்கும் கூடத்தில் இயந்திரம் மிதிப்பவர், சனிக்கிழமை காலையில் மருத்துவக் கல்லூரிக்குப் போய் நோயாளியாக நடிப்பார். மாணவர்கள் அவரைத் தையலம்மா என்றே அழைத்தார்கள்.

"இந்த வாரம் என்ன வியாதி?" என்று கணவர் கேட்பார்.

"சர்க்கரை."

"போன வாரம் இதயம். வீட்டுக்கு மட்டும் எதையும் கொண்டுவந்துடாதே, தாயே."

படிப்பு வாசனை குறைந்த நோயாளிக்கும் விளங்கும்படி பேச மாணவர்களைப் பழக்குவதே அந்த வகுப்பின் நோக்கம். தையலம்மாவுக்குப் பேராசிரியை இட்டிருந்த கட்டளை எளியது: என்ன சொன்னாலும் தலையாட்ட வேண்டும்; "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுதுங்க" என்று சொல்ல வேண்டும், செய்து காட்டச் சொன்னால் மட்டும் தப்பாகச் செய்ய வேண்டும். மணி அடிக்கும்வரை வேடம் கலையக் கூடாது. தலையாட்டலை நம்பி எழுந்துபோகும் மாணவருக்கு மதிப்பெண் கிடையாது.

தலையாட்டுவது தையலம்மாவுக்குப் புதிதன்று. அவருக்கு உண்மையிலேயே ஆஸ்துமா இருந்தது. கடைசியாகப் பார்த்த மருத்துவர் கண்டிப்பாகவே சொல்லிவிட்டார்: "இந்த மருந்துக்கும் இளைப்பு அடங்கலேன்னா, அடுத்த மாசம் தையல் வேலையை விட்டுடுங்க. அந்தப் பஞ்சுத்தூசி உங்களுக்கு ஆகாது." இளைப்போ அடங்குவதாக இல்லை. இயந்திரத்தின் முன் உட்காராத ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமையின் பாடமும் ஆஸ்துமாவாகவே அமைந்தது. வகுப்புக்குரிய வெற்று இன்ஹேலரை யாரோ வேறு அறைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். "என்கிட்டயே ஒண்ணு இருக்குங்க" என்று தையலம்மா தம்முடையதைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

வெள்ளைக் கோட்டின் பை கிழிந்து தொங்க எதிரே அமர்ந்த மாணவனுக்கு நண்பர்கள் சூட்டிய பெயர் எக்ஸ்பிரஸ். எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் பேசுவான். அன்றும் மூச்சுக்குழாய்ச் சுருக்கம், அழற்சி என்று விரைந்தவன், தையலம்மாவின் தலை ஒரே தாளத்தில் ஆடுவதைக் கண்டு பாதி வழியில் நின்றான்.

"ரொம்ப வேகமாப் போயிட்டேம்மா. அதெல்லாம் விடுங்க. வீட்டுல இதை எப்படி எடுப்பீங்களோ, அப்படியே எனக்குக் காட்டுங்க."

தையலம்மா வாயைத் திறந்தார். நாக்கின்மேல் ஒருமுறை பீச்சினார். வாயை மூடி விழுங்கினார்.

வகுப்பு சிரித்தது. "என்னமா நடிக்கிறாங்க, பாரேன்" என்றாள் ஒருத்தி. பேராசிரியையும் மெச்சித் தலையசைத்தார்.

தையலம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. தப்பாகச் செய்ய வேண்டும் என்பது நினைவுக்கு வருமுன்பே கை தன் வழக்கப்படி செய்து முடித்திருந்தது. அதைத்தான் இவர்கள் தப்பு என்கிறார்கள். வாயைத் திறக்காவிட்டால் கெட்டிக்கார நடிகை என்ற பெயரோடு வீடு திரும்பலாம். ஆனால் இளைப்பும் கூடவே வரும்.

"நான் நடிக்கலைங்க," என்றார். "வீட்டுலயும் இப்படித்தான்."

சிரிப்பு சட்டென்று நின்றது. எக்ஸ்பிரஸ் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இதைக் குடுத்தப்ப, எடுத்துக் காட்டச் சொன்னாங்களாம்மா?"

"புரிஞ்சுதான்னு கேட்டாங்க. புரிஞ்சுதுன்னேன்."

"அப்போ தப்பு உங்க மேல இல்ல. மருந்து நெஞ்சுக்குள்ள போகாம வாயிலயும் வயித்துலயுமே நின்னுடுச்சு. வாங்க, சேர்ந்தே செய்வோம்."

குலுக்கினார்கள். மூச்சை முழுக்க வெளியே விட்டார்கள். உதட்டால் இறுகக் கவ்வி, மெல்ல உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும் என்று அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "அப்புறம், ஊசியில நூல் கோக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்குவீங்கல்ல, அப்படிப் பிடிச்சுக்கணும்."

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா என்னப்பா?"

"இப்பதாம்மா நிக்கவே கத்துக்கிட்டேன்."

மணி அடித்தது. அவர் தவறின்றிச் செய்து காட்டும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த மாதம் மருத்துவர் கருவியில் ஊதச் சொல்லிப் பார்த்தார். மறுபடியும் ஊதச் சொன்னார். "பரவாயில்லையே. மூக்கையும் வாயையும் துணியால மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க. இனிமே மருந்து காலையிலும் ராத்திரியும்; எடுத்ததும் வாயைக் கொப்பளிச்சுத் துப்பிடணும். புரிஞ்சுதா?"

தலை தானாக ஆடப் புறப்பட்டது. தையலம்மா அதைத் தடுத்து நிறுத்தினார்.

"இருங்க டாக்டர். நான் செஞ்சு காட்டுறேன். சரியான்னு பார்த்துச் சொல்லுங்க."

அந்தச் சனிக்கிழமை அவர் வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பினார். கைப்பையில் வெள்ளை நூல்கண்டும் ஊசியும் இருந்தன.

"இந்த வாரம் என்ன வியாதி?" என்றார் கணவர்.

"தெரியாது, இந்தத் தடவை அங்க போனாத்தான் சொல்லுவாங்க. அந்தப் பிள்ளையோட கோட்டுப் பை கிழிஞ்சு தொங்குது. மொதல்ல அதைத் தைச்சுக் குடுக்கணும்."