முகம் காட்டப் போனேன்

இங்கே அயர்லாந்தில் ஆரம்பப் பள்ளிக்கு முன்னால் சாலையை மறித்துப் பிள்ளைகளை எதிர்ப்புறம் அனுப்பிவிட ஓர் அம்மாள் நிற்பார். மஞ்சள் கோட்டு, கையில் கம்பில் செருகிய வட்டப் பலகை. லாலிபாப் லேடி என்று அவருக்குப் பெயர். பலகையை நீட்டினாரென்றால் எவ்வளவு பெரிய லாரியும் பெட்டிப்பாம்பாக நின்றுவிடும். நாலு வருடமாகத் தினமும் இரண்டு முறை எனக்கும் மகளுக்கும் அவர் வழிவிட்டிருக்கிறார். போன ஜூன் மாதம், பள்ளியின் கடைசி நாளன்று, சாலை நடுவிலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாழ்த்துகள், இனிமேல் நீங்கள் விடுதலையான மனிதர் என்றார். நானும் தேங்க்யூ சொல்லிவிட்டு நடந்தேன். வீட்டு வாசலில் சாவியைத் துழாவும்போதுதான் அவர் எதைச் சொன்னார் என்பது உறைத்தது. மகள் பெரிய பள்ளிக்குப் போகிறாள். இனி பஸ்ஸில் தனியாகப் போவாள், தனியாக வருவாள். கொண்டுவிடவும் கூட்டிவரவும் நான் வேண்டாம்.

நான் விஸ்வநத்தம் பக்கத்துக்காரன். சிவகாசியில் பதினாறு வருடம் காலண்டர் அச்சடிக்கும் மெஷினில் நின்றவன். என் மனைவி பியூலா விருதுநகர்ப் பெண், நர்ஸ். அவள்தான் முதலில் அயர்லாந்துக்கு வந்தாள். எட்டு வயது ஜெமியைக் கூட்டிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். இங்கே அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனியில் எனக்குச் சாயங்கால ஷிப்ட். அதனால் பள்ளிக்கூட நடை முழுக்க என்னுடையது. போகும்போது அவள் பேசுவாள், நான் கேட்பேன். வரும்போது அவள் சாப்பிடுவாள், நான் பை தூக்குவேன். மற்ற அப்பாக்கள் எல்லோரும் இந்த நடை முடிந்ததை, முதுகிலிருந்து மூட்டை இறங்கியது போலப் பேசினார்கள். ஒருவர் இனி காலையில் நீச்சலுக்குப் போகப் போவதாகச் சொன்னார். அம்மாக்கள் சிலர் லேசாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பயந்து போயிருந்தேன். ஊரில் இருந்து இதைப் படிக்கிற நீங்கள் சிரிக்கலாம், வெள்ளைக்காரன் ஊரில் பஸ் ஏறுவதற்கு என்ன பயம் என்று. கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டது அம்மாதான். வெடிக் கம்பெனியில் அவளுக்குச் சரம் பின்னுகிற வேலை. காலையில் ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் நான். அவள் நகக்கண்ணில் வெடிமருந்தின் வெள்ளிப் பொடி எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாது, என் உள்ளங்கையிலும் ஒட்டிக்கொள்ளும். வாசலில் என்னை விட்டுவிட்டு எதிரே நிற்கும் கம்பெனி வேனில் ஏறிவிடுவாள். உலகத்தில் எங்கேயும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பெற்றவர்கள் பயப்படுவார்கள். எங்கள் பக்கம் அது தலைகீழ். உள்ளே உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் வேனில் ஏறிப் போனவளை நினைத்துப் பயப்படும். பாடம் நடக்கும்போது எங்கேயாவது ஒரு கம்பெனியில் வெடித்த சத்தம் கேட்கும். ஜன்னல் ஒரு தரம் அதிரும். சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார். யாரும் என்ன சத்தம் என்று கேட்கமாட்டோம், எந்தப் பக்கம் என்றுதான் கேட்போம். புகை தெரியும் திசையை வைத்து யார் அம்மா, யார் அப்பா என்று அந்த வயதிலேயே கணக்குப் போடத் தெரியும் எங்களுக்கு.

அதற்குப் பிறகு நடப்பதற்கு எங்கள் ஊரில் முகம் காட்டுவது என்று பேர். ஒரு கம்பெனியில் சத்தம் கேட்டால் சுற்றியிருக்கிற கம்பெனிகளிலும் வேலையை நிறுத்திவிடுவார்கள். தாய்மார்கள் நேரே பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். உள்ளே வரமாட்டார்கள், கூப்பிடமாட்டார்கள். கம்பி வேலிக்கு வெளியே வந்து நிற்பார்கள். பிள்ளை பார்த்துவிட்டதா என்று பார்ப்பார்கள், போய்விடுவார்கள். அவ்வளவுதான். பார்த்த பிள்ளை நோட்டைத் திறந்து எழுத ஆரம்பிக்கும். நான் ஐந்தாவது படிக்கும்போது ஒரு நாள் பெரிய சத்தம். வேலியில் ஒவ்வொரு முகமாக வந்து போனது. கடைசியில் நானும் முத்துச்செல்வி என்ற பிள்ளையும் மட்டும் எழுதாமல் இருந்தோம். அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு வேன் போய்விட்டதால் அம்மா நடந்தே வந்திருக்கிறாள். பன்னிரண்டு மணி வெயிலில் அவள் தலை தெரிந்தபோது எனக்குச் சிறுநீர் கழிந்துவிட்டது. முத்துச்செல்வி பள்ளிக்கூடம் விடும்வரை வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு நான் சிவகாசி டவுன் பள்ளிக்கு மாறினேன், போக வர பஸ். அம்மா கொண்டுவிடுவது நின்றது. கையை விட்டு நடந்ததில் எனக்கு ஒரே பெருமை, மீசை முளைத்த மாதிரி. முதல் சத்தம் கேட்டபோதுதான் புத்திக்கு எட்டியது, அவ்வளவு தூரத்துக்கு யாரும் முகம் காட்ட வரமுடியாது என்று. அதற்குப் பிறகு சத்தம் கேட்ட நாட்களில் சாயங்காலம் வரை எனக்கு அம்மா இருக்கிறாளா இல்லையா என்று தெரியாது. பள்ளிக்கூட நடை முடிந்தது என்றால் என் உடம்புக்கு இதுதான் அர்த்தம். லாலிபாப் அம்மாளிடம் இதை எந்த இங்கிலீஷில் சொல்வேன்?

ஆகஸ்ட் கடைசியில் பெரிய பள்ளி திறந்தது. கோடையில்தான் நாங்கள் ஊர் ஓரத்தில், வயல்களை ஒட்டி ஒரு வீட்டுக்கு மாறியிருந்தோம். முதல் நாள் பஸ் நிறுத்தம் வரைக்கும் வருகிறேன் என்றேன். ஜெமி வேண்டாம் என்றாள். நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்த பியூலா, “அவ போகட்டும், விடுங்க. நீங்க வேற பின்னால போயி நிக்காதீக” என்றாள். சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். நான் ஜன்னலில் நின்று, பஸ் வளைவில் மறையும்வரை பார்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன். பத்து மணி இருக்கும். டும் என்று ஒரு சத்தம். மூச்சு விடுவதற்குள் இன்னொன்று. பள்ளி இருக்கும் திசை.

வெளியே ஓடி வந்து புகையைத் தேடினேன். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. புகை தெரியாதது இன்னும் பயமாக இருந்தது. பியூலாவை எழுப்பத் தோன்றவில்லை. வீட்டுச் செருப்போடு நடக்க ஆரம்பித்தேன், பாதி தூரம் ஓடினேன். நடுவழியில் ஒரு வயல் ஓரமாக அந்தச் சத்தம் என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. பார்த்தால் ஒரு நீலச் சிலிண்டர், அதன் மேல் ஒரு குழாய். விதைத்த வயலில் காக்கை இறங்காமல் இருக்க எரிவாயுவில் தானாக வெடிக்கிற குழாய். காக்கைகள்கூட அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தன. அந்த இடத்திலேயே நான் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் என் மனதில் ஓடியது வேறு. சத்தம் ஜெமிக்கும் கேட்டிருக்குமே, நான் இருக்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும். கால் பள்ளியை நோக்கியே போயிற்று.

பள்ளி அலுவலகத்தில் இருந்த பெண்மணி என் செருப்பைப் பார்த்தார், வேர்வையைப் பார்த்தார். எமர்ஜென்சியா என்று கேட்டார். இல்லை, எமர்ஜென்சி இல்லை, மகள் என் முகத்தைப் பார்த்தால் போதும், போய்விடுவேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஐ ஆம் சோ சாரி என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். இங்குள்ளவர்கள் எதற்கெடுத்தாலும் சாரி சொல்வார்கள், இதுவும் அப்படித்தான் என்று நினைத்து நன்றி சொல்லி உட்கார்ந்தேன். அவர் போனில் மெல்லிய குரலில் யாரிடமோ பேசினார்.

ஜெமியின் தோளில் கைவைத்து ஓர் ஆசிரியை கூட்டிக்கொண்டு வந்தார். என் மகளின் முகத்தில் ரத்தம் இல்லை. புது யூனிபார்மின் கை நுனியை இரண்டு கையாலும் கசக்கிப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“அம்மாவுக்கு என்னாச்சு?”

அம்மா தூங்குகிறாள், ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை. திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். பழைய பள்ளியில் ஒரு பையனின் அப்பா இறந்தபோது இப்படித்தான் வகுப்பு நடுவில் அவனை அழைத்துப் போனார்களாம், அதைப் பிறகு சொன்னாள். எங்கள் ஊரில் பெற்றவர் முகம் வேலியில் தெரிந்தால் உயிர் வரும். இங்கே பள்ளி நேரத்தில் பெற்றவர் வந்து நின்றால் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். இது தெரியாமல் நான் அவள் பயத்தைத் தீர்க்கப் போயிருக்கிறேன். போனில் பியூலாவை எழுப்பிப் பேசவைத்த பிறகுதான் அவள் கேட்பதை நிறுத்தினாள்.

அன்று சாயங்காலம் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஜெமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சரம் பின்னுவது, வேலி, கடைசியாக வந்த அம்மா, முத்துச்செல்வி வரைக்கும். விளக்கிவிட்டால் என்மேல் கோபம் போகும் என்று நினைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலையில் அம்மாவுக்குப் போன் போட்டேன். இப்போது சூலக்கரையில் தம்பி வீட்டில் இருக்கிறாள். நடந்ததைக் கேட்டுவிட்டு முதலில் திட்டினாள், பச்சப்பிள்ளையை இப்படியா பதற வைப்பாய் என்று. பிறகு சொன்னாள்.

“நீ டவுனு பள்ளிக்கூடம் போன பொறவு, சத்தம் கேட்டா எனக்கு எம் உசுரு பெருசாத் தெரியலலே. நீ அங்கன ரோட்டப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பியேன்னுதான் அம்புட்டுப் பதைப்பு. வரவும் முடியாது பாத்தியா.”

அதற்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தப் பயம் என்னோடு நிற்கட்டும், ஜெமிக்கு வேண்டாம். வானம் இடிந்தாலும் பள்ளிப் பக்கம் போவதில்லை. மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் குழாயைப் பள்ளிக்கு இன்னும் பக்கத்து வயலுக்கு மாற்றியிருக்கிறார்கள். அவ்வளவு தூரத்தில் வீட்டில் இருந்த எனக்கே சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. அடுப்படி மேடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் வாசல் வரை போனது, திருப்பிக் கொண்டுவந்தேன். வேண்டுமென்றே ஒரு கிலோ வெங்காயத்தை எடுத்து வைத்து உரித்தேன். பதைப்பு அடங்கிவிட்டது. அன்றைக்கு என்மேல் எனக்கே மரியாதை வந்தது.

சாயங்காலம் ஜெமி வந்து ஷூவைக் கழற்றிவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதா என்று போகிற போக்கில் விசாரிப்பது போல விசாரித்தேன். கணக்கு வகுப்பில் கேட்டது என்றாள். பயந்தாயா என்றேன். காக்கா விரட்டுகிற சத்தம் என்று எல்லோருக்கும் தெரியுமே என்று சிரித்தாள். எனக்கு நெஞ்சு லேசானது. பையைத் தோளில் மாட்டினேன். அவள் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“நீங்க வருவீங்கன்னு ஸ்கூல் கேட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன். மிஸ் ரெண்டு தடவ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. நீங்க வரல.”

அந்த வகுப்பில் மற்றப் பிள்ளைகள் எல்லோரும் அயர்லாந்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் என் மகள் ஒருத்தி மட்டும் விஸ்வநத்தத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.