மயக்கத்தில் கிடந்தவன் கேட்ட கேள்விகள்

பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமையும் அம்மா டேப்பைத் தூக்கிக்கொண்டு ஊரார் வீட்டு இரும்பு ஏணிகளை அளக்கப் போய்விடுகிறாள் என்று நேற்று இருவரும் முறையிட்டீர்கள். அதற்குப் பெயர் ஆராய்ச்சி. மாடி அறையில் நெஞ்சுவலி வந்தவரை அந்த ஏணி வழியாக ஆடாமல் இறக்குவது எப்படி என்று கல்லூரிக்காக அவள் கண்டுபிடிக்க வேண்டும். ஆம்புலன்சில் ஓடிக்கொண்டிருந்தவள் கல்லூரிக்கு எப்படிப் போனாள் என்பது உங்களுக்குத் தெரியாது. அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள். அதனால் இதை எழுதிவைக்கிறேன். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள். பரவாயில்லை. அம்மா சம்பந்தப்பட்ட ஒரு காரியத்தை மெதுவாகச் செய்ய உங்களுக்கு வேறு வாய்ப்பு கிடைக்காது.

ஆம்புலன்ஸ் வேலையில் அவளுக்கு இடுப்பு போய்விட்டது. தாராவிச் சந்துகளில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. ஆளைப் போர்வையில் போட்டுத் தூக்கித்தான் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்பும் முடித்திருந்ததால், செம்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆம்புலன்ஸ் படிப்புக்கு ஆசிரியர் தேவை என்று கேள்விப்பட்டதும் விண்ணப்பித்தாள். ஒரு முழு வகுப்பை நடத்திக் காட்டுங்கள் என்றார்கள். அது கிடைக்காவிட்டால் ஆபீசில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலைதான். நோயாளி பக்கமே போக முடியாது. அது அவளுக்குத் தாங்காது.

ஆனால் ஆம்புலன்ஸ்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் நின்று கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் சுற்றி நிற்கிறவர்கள் பதறிவிடுவார்களாம். அப்படிப் பல வருஷம் பழகியவள் வகுப்பெடுக்கப் போகிறாள்!

பைகளுக்குத் தோல் வெட்டும் என் பட்டறை மேஜையில் என்னைப் படுக்கப் போட்டு ஒத்திகை பார்த்தாள். பைக்கிலிருந்து விழுந்து மயங்கியவன் நான். கழுத்தில் பட்டை மாட்டினாள். காலில் கட்டை வைத்துக் கட்டினாள். புரட்டிப் பலகையில் ஏற்றினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏளா, வகுப்பு எப்ப ஆரம்பிக்கும்?"

"முடிஞ்சிட்டு."

"ஒரு வார்த்த பேசலியே!"

"எல்லாஞ் சரியாத்தான செஞ்சேன்? பாத்தா தெரியாதா?"

"நான் மயங்கிக் கெடக்கேன். எனக்கென்ன தெரியும்?"

அந்நேரம் பார்த்து எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மதினி, "அய்யோ, கொழுந்தனுக்கு என்னாச்சு!" என்று நெஞ்சில் கை வைத்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல மதினி, பாடம் நடக்கு" என்றேன், கழுத்துப் பட்டைக்குள்ளிருந்து.

வகுப்பு நாளன்று நோயாளியாக நடிக்க ஆள் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவோடு வண்டியில் போகும் ஜோடிக்காரிக்கு அன்று டியூட்டி. அதனால் நான் போனேன். "ஒரு சத்தம் வரக்கூடாது. நீங்க மயக்கத்துல இருக்கீய" என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முன்வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு வயதான பேராசிரியை. அவர்தான் முடிவு செய்கிறவர். பின்பெஞ்சுகளில் மாணவர்கள். அம்மா இந்தியில் வணக்கம் சொன்னாள். பிறகு பட்டை, கட்டை, பலகை. முடிந்தது. பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். நான் லேசாகக் கண்ணைத் திறந்தேன். சரியாக இருந்த என் கழுத்துப் பட்டையை அவள் கை மறுபடி மறுபடி இழுத்துச் சரிசெய்தது. எத்தனையோ விபத்துகளைப் பார்த்த கை.

மயக்கத்தில் கிடந்தபடியே இந்தியில் கேட்டேன்: "மேடம், எனக்கு ஒடிஞ்சது கால்தானே? முதல்ல ஏன் கழுத்தப் பிடிச்சீங்க?"

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னாள்: "பேசாம கெடங்க. மானத்த வாங்காதீய."

"நல்ல கேள்விதானே, பதில் சொல்லுங்கோ" என்று முன்வரிசையிலிருந்து குரல் வந்தது. பேராசிரியை! சுத்தமான மாட்டுங்கா அய்யர் வீட்டுத் தமிழ். அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் பதில் சொன்னாள். கால் காத்திருக்கும், கழுத்து காத்திருக்காது, உடைந்த கழுத்தை அசைத்தால் ஆள் கைகால் விளங்காமல் போய்விடுவான் என்றாள். எனக்குப் பதில் சொல்லும்போது வழக்கமாக வரும் எரிச்சல் குரலில் ஏறியது. எரிச்சல் வந்துவிட்டால் அவளுக்குப் பேச்சு தானாக வரும். இது நம் வீட்டில் யாருக்குத் தெரியாது? விடாமல் கேட்டேன். புரட்ட ஏன் இரண்டு பேர்? பலகை இல்லையென்றால்? அவள் என்னைத் திட்டுகிற மாதிரியே வகுப்புக்கு விளக்கினாள். பின்பெஞ்சில் கைகள் உயர்ந்தன. மாடி வீட்டிலிருந்து எப்படி இறக்குவீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். அதற்கு அம்மா சந்து சந்தாக, ஏணி ஏணியாகப் பேசினாள். மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை. என்னைப் பலகையிலிருந்து அவிழ்க்கவும் மறந்துவிட்டாள்.

வராந்தாவில் காத்திருந்தோம். பேராசிரியை வந்தார்.

"ஒண்ணாந்தேதி வந்து சேந்துடுங்கோ. பேஷண்டை மட்டும் மாத்திக்கோங்கோ. மயக்கத்துல இருக்கறவர் இவ்வளவு பேசப்படாது."

வாசலுக்கு வந்ததும் அம்மா ஜோடிக்காரிக்குப் போன் போட்டாள். "கிடைச்சிட்டு" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பக்கம் வண்டியின் சைரன் அலறிக்கொண்டிருந்தது. போனிலும் அதே கண்பேச்சுதான். வண்டி எங்கேயோ நின்று, சைரன் அடங்கி, கதவு திறக்கும் சத்தம் எனக்கே கேட்டது. அதுவரை போன் அவள் காதிலேயே இருந்தது.

"எறங்கிட்டா" என்றாள் என்னிடம், பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு.