முதற்பிரதியில் ஒரு சொல்

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் இருக்கும் எங்கள் சிறு நகரத்தின் வரலாற்றையும் அதன் பெருமக்களையும் பற்றி ஒஸ்லோவில் எங்கள் ஊர்ச் சங்கத்தால் நாங்கள் ஒரு புத்தகம் போட்டோம். பெருமக்கள் பகுதி என் பொறுப்பு. வைத்தியர், கணித ஆசிரியர், நாடகக்காரர், புகையிரத நிலைய அதிபர் என்று பன்னிரண்டு பேர். எல்லாரும் காலமானவர்கள்தானே என்று, ஒரே மூச்சில் பன்னிரண்டு பெயருக்கும் முன்னால் ‘அமரர்’ என்று அடித்துவிட்டேன்.

பதினொரு பேர்தான் காலமானவர்கள். பன்னிரண்டாமவர் காணாமல் போனவர்.

அவர்தான் எங்கள் நகரத்தின் வரலாற்றையே தேடித் திரிந்தவர். பழைய காணி உறுதிப் பத்திரங்கள், கோயில் கல்வெட்டுகள் என்று சைக்கிளில் அலைந்து கொப்பி கொப்பியாக எழுதிவைத்தவர். அந்தக் கொப்பிகள் இல்லாவிட்டால் எங்கள் புத்தகமே இல்லை. போர்க்காலத்தில் ஒருநாள் காலை அதே சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய மனைவியை நாங்கள் எல்லாரும் அக்கா என்போம். இங்கே ஒஸ்லோவின் ஓரத்தில், பியோர்ண்டாலில் மகளோடு இருக்கிறார். இன்றைக்கும் நெற்றியில் குங்குமம் வைக்கிறார். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி இலங்கை அரசாங்கத்திடமிருந்து வந்த கடிதத்தைக் கிழித்து எறிந்தவர். அவருக்குத்தான் முதற்பிரதி என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம்.

வெளியீட்டன்று மதியம், பள்ளிக்கூட மண்டபத்தில் பெட்டியைப் பிரித்தபோதுதான் அந்தப் பக்கம் என் கண்ணில் பட்டது. எனக்குப் புத்தி எங்கே போனது? அக்காவின் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டவள் நான்!

சங்கத் தலைவர் தலையில் கை வைத்தார். “என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறாய் பிள்ளை! அவ இதைக் கண்டா என்ன நடக்கும் தெரியுமே?”

“ஏசுறதைப் பிறகு ஏசுங்கோ அண்ணை. இப்ப மார்க்கரை எடுங்கோ.”

நிகழ்ச்சிக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. கதிரை அடுக்க வந்தவர்களையும் மேடைக்குப் பின்னால் இழுத்து வந்து, இருநூறு பிரதியிலும் அந்தச் சொல்லைக் கறுப்பால் மூடினோம். மை நாற்றத்தில் தலை இடித்தது. கடைசிப் பெட்டி முடிய, வாசலில் “அக்கா வாறா” என்று குரல் கேட்டது.

விளக்கேற்றி, தேவாரம் பாடி, தலைவர் ரிப்பன் கட்டிய முதற்பிரதியை அக்காவிடம் கொடுத்தார். வாங்குகிறவர்கள் வழமையாகப் படத்துக்குச் சிரித்துவிட்டுப் போய் இருந்துவிடுவார்கள். அக்கா போகவில்லை. மேடையிலேயே ரிப்பனை அவிழ்த்து, கணவரின் பக்கத்தைத் தேடி எடுத்தார். பிறகு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

“இதென்ன பிள்ளை, கறுப்பு?”

“அச்சுப் பிழை அக்கா.”

அந்தத் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார். பிறகு மற்றப் பக்கங்களைப் புரட்டினார்.

“மற்ற எல்லாருக்கும் கிடக்கு. இவருக்கு மட்டும் மறைச்சிருக்கிறியள்.” குரல் உயரவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “நானே இன்னும் சொல்லேல்லை. நீ எப்பிடிச் சொல்லுவாய்?”

“என்ரை பிழைதான் அக்கா. யோசிக்காமல் எழுதிப்போட்டன்.” எனக்கு அழுகை வந்துவிட்டது.

“பேனையைத் தா.”

கொடுத்தேன். புத்தகத்தை மேசையில் வைத்து, கறுப்புக்கு மேலே இருந்த வெள்ளை இடத்தில் ‘திரு.’ என்று நிதானமாக எழுதினார்.

“மற்றப் புத்தகங்களையும் கொண்டு வா.”

பெட்டிகள் மேடைக்கு வந்தன. அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார். ஆறு மணிக்கு மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அடுத்த பெட்டியை அக்காவுக்குக் கிட்டத் தள்ளினார். முப்பது நாற்பது பிரதிக்குப் பிறகு அக்கா பேனையை வைத்துவிட்டு விரல்களை நீவினார்.

“மிச்சத்தை நான் எழுதட்டே அக்கா?”

“வேண்டாம். இதுவரை நீ எழுதினதே காணும். பக்கத்தை மட்டும் எடுத்துத் தா.”

எடுத்துக் கொடுத்தேன்.