அகலக் காலுக்கு வாங்கிய பூட்ஸ்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தூத்துக்குடிக்கு வடக்கே முள்ளுக்காடாகக் கிடந்த நிலத்தைத் திருத்தி உப்பளம் போட்டேன். இரண்டு புயலில் கரை உடைந்தது. இரண்டு தடவையும் நானே மண் சுமந்து கட்டினேன். உப்பைச் சேர்த்து வைக்கக் கிட்டங்கி எழுப்பினேன், லாரி ஓட்டினேன். எங்கள் பக்கத்தில் வேலையாட்களுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்த முதல் ஆளும் நான்தான்.

மாதம் ஒருமுறை அளத்துக்கு வந்து மருந்து போடும் நர்ஸம்மா ஒருநாள் எல்லாரையும் அந்த பூட்ஸைக் கழற்றச் சொன்னார். பாதிப் பேருக்குப் பெருவிரல் ஓரம் சிவந்து வீங்கியிருந்தது. வெறுங்காலோடு உப்பு வாரியே வளர்ந்த கால் முன்பக்கம் விசிறி மாதிரி அகன்றிருக்கும். நான் நீளத்தை மட்டும் பார்த்து நம்பர் சொல்லி வாங்கியிருந்தேன். விரல் நெரிபட்டதும், வலி குறையுமென்று பிளேடால் நகத்தின் மூலைகளை உள்ளே வரை வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய நகம் சதைக்குள் குத்தி வளர்ந்துவிட்டது.

"அண்ணாச்சி, கால பாத்து வாங்குனியளா, கடைய பாத்து வாங்குனியளா?" என்றார் நர்ஸம்மா. உப்பு சுமப்பவர்களில் மூத்தவள் சிரித்தாள். "மொதலாளிய ஒரு நா மாட்டிக்கிட்டு நடக்கச் சொல்லுங்கம்மா."

"ஏளா, குடுத்ததப் போட்டுக்கிட்டு வேலையப் பாரு" என்றேன். மூன்று மாதம் பூட்ஸை மாற்றவில்லை. அவளுக்குச் சர்க்கரை உண்டு. விரல் சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட்ட காலைப் போய்ப் பார்த்தேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. இன்றுவரை தோன்றவில்லை.

பிறகு நர்ஸம்மா சொன்னபடி செய்தேன். வேலை முடிந்து கால் வீங்கியிருக்கும் சாயங்காலத்தில், ஒவ்வொருவரையும் பேப்பரில் நிறுத்திப் பாதத்தைச் சுற்றி வரைந்தார். அந்த அகலத்துக்கு பூட்ஸ் தேடி வாங்கினேன். தினமும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைக்கச் சொன்னார். நகத்தை நேராக வெட்டணும், ஒட்ட வெட்டக் கூடாது. "மூலை வெளிய தெரியணும். தெரியலன்னா வெட்டுனது தப்பு" என்பார். அதற்குப்பின் என் அளத்தில் யாருக்கும் விரல் போகவில்லை.

போன மாதம் நர்ஸம்மா இறந்துபோனார். நினைவு மலர் போடுவதற்காக அவர் மகன் என்னிடம் வந்தார். "பூட்ஸ் வாங்கிக் குடுத்த வள்ளல்னு ஒங்க பேரையும் போடுதோம் அண்ணாச்சி" என்றார். அந்த அரைகுறைப் பேர் எனக்கு வேண்டாம். நெரிக்கும் பூட்ஸை வாங்கியவன் நான். மூன்று மாதம் பிடிவாதம் பிடித்தவன் நான். சரியான பூட்ஸை வாங்கியவனும் நான். மூன்றையும் எழுதுங்கள். அந்த விரலையும் என் பேரிலேயே போடுங்கள்.